கால்நடை நல ஆய்வில் வளர்ப்பவரின் பேச்சு: பண்புசார் ஆய்வுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஓர் ஒன்றியத்தில் எத்தனை ஆடுகளுக்கு ஆட்டுக்கொல்லி (பி.பி.ஆர்.) என்னும் தொற்றுநோய்க்கான தடுப்பூசி போடப்பட்டது என்பதைக் கால்நடை மருந்தகத்தின் பதிவேடு சொல்லிவிடும். விடுபட்டவை எத்தனை என்றும் கணக்குப் போட்டுவிடலாம். முகாம் நடந்த அன்று பக்கத்துத் தெருக்காரர் ஏன் தன் ஆடுகளை ஓட்டிக்கொண்டு வரவில்லை என்பது மட்டும் எந்தப் பதிவேட்டிலும் இருக்காது. விடியற்காலையிலேயே மேய்ச்சலுக்குப் போயிருக்கலாம். சினை ஆட்டுக்கு ஊசி போட்டால் குட்டி வீசிவிடும் என்று பயந்திருக்கலாம். போன முறை ஊசி போட்ட மறுநாள் ஓர் ஆடு செத்திருக்கலாம். அறிவிப்பே அவர் காதில் விழாமல் இருந்திருக்கலாம். இந்த நான்கு காரணங்களுக்கும் தீர்வு வெவ்வேறு. ஆனால் நம் அறிக்கைகளில் நான்கும் ஒரே வரியில் அடங்கிவிடுகின்றன: "மக்களிடம் போதிய விழிப்புணர்வு இல்லை."

அந்த வரியை எழுதும் முன் செய்ய வேண்டிய வேலையைப் பற்றியதுதான் இந்த வழிகாட்டி. கல்லூரிகளில் குவாலிடேட்டிவ் ஆய்வு என்கிறார்கள். தமிழில் பண்புசார் ஆய்வு, அதாவது மக்கள் சொல்வதையும் செய்வதையும் கேட்டும் பார்த்தும் காரணத்தைத் தேடுவது. கால்நடை மருத்துவம் படிக்கும் முதுநிலை மாணவர்கள், பால் கூட்டுறவுச் சங்கங்களிலும் தொண்டு நிறுவனங்களிலும் வேலை செய்பவர்கள், கள ஆய்வில் ஆர்வமுள்ள ஊர் இளைஞர்கள் என யாரும் இதைப் பின்பற்றலாம். விளக்கம் எளிதாக இருக்க ஓர் எடுத்துக்காட்டைக் கடைசி வரை வைத்துக்கொள்வோம்: பேரையூர், தே.கல்லுப்பட்டி, உசிலம்பட்டிப் பக்கத்து மானாவாரி ஊர்களில் சிலர் தங்கள் ஆடுகளுக்கு ஆட்டுக்கொல்லித் தடுப்பூசி போடுகிறார்கள், சிலர் போடுவதில்லை. ஏன்?

இந்த நோயைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. இந்தியாவில் ஆட்டுக்கொல்லி முதன்முதலில் பதிவானது 1987-இல், நம் விழுப்புரம் பக்கத்து அரசூரில். அந்த ஊரின் பெயரிலேயே ஒரு தடுப்பூசி ரகமும் உருவானது. 2030-க்குள் உலகம் முழுவதும் இந்த நோயை ஒழிக்க இலக்கு வைத்திருக்கிறார்கள். ஊசி இருக்கிறது, வேலையும் செய்கிறது, ஒரு தடவை போட்டால் ஏறக்குறைய மூன்று ஆண்டுக்குக் காக்கும். அப்படியும் விடுபடும் ஆடுகள் இருக்கின்றன என்றால், பதில் ஆடு வளர்ப்பவரின் வீட்டிலும் நம் சேவை அமைந்திருக்கும் விதத்திலும்தான் இருக்கிறது.

முதலில்: உங்கள் கேள்விக்கு இந்த வழி பொருந்துமா?

எத்தனை ஆடுகளுக்கு நோய், எந்த மருந்து நன்றாகக் கேட்கிறது, கிருமி எந்த ரகம் போன்றவற்றுக்குப் புள்ளியியலும் ஆய்வகமும் வேண்டும். ஏன், எப்படி, யார் முடிவெடுக்கிறார், எந்தக் கட்டத்தில் முடிவு மாறுகிறது என்ற கேள்விகளுக்குப் பண்புசார் ஆய்வு. இரண்டையும் குழப்பிக்கொண்டு, இருபது பேரிடம் பேசிவிட்டு "65 சதவீதம் பேர் கூறினர்" என்று எழுதினால் அது இரண்டு வகையிலும் சேராது.

கால்நடை உலகில் இந்த வழிக்கு வலுவான முன்மாதிரி இருக்கிறது. வெக்கை நோய் என்று நம் ஊர்களில் பெயர் பெற்ற ரிண்டர்பெஸ்ட், உலகிலிருந்து ஒழிந்துவிட்டதாக 2011-இல் அறிவிக்கப்பட்டது. பெரியம்மைக்குப் பிறகு மனிதர் ஒழித்த இரண்டாவது நோய் அது. கிழக்கு ஆப்பிரிக்காவின் மேய்ச்சல் நிலங்களில் நோய் ஒளிந்திருந்த கடைசி இடங்களைத் தேடியபோது, ஆய்வகத்தோடு சேர்ந்து கைகொடுத்தது மேய்ப்பவர்களின் அறிவுதான். எந்த மாதம், எந்தத் தண்ணீர்த் துறையில், எந்த அறிகுறியோடு மாடு விழுந்தது என்று அவர்களிடம் முறையாகக் கேட்டுத் தொகுத்தார்கள். மேய்ப்பவர்களிலேயே சிலருக்குப் பயிற்சி கொடுத்து ஊசியும் போட வைத்தார்கள். பங்கேற்பு நோய்ப்பரவலியல் என்ற துறை இந்த அனுபவத்தில்தான் வளர்ந்தது. கீழே வரும் புளியங்கொட்டைக் கணக்கும் மாத அட்டவணையும் அதன் கருவிகள்.

மதுரை வட்டாரத்தில் இப்படி ஆராய வேண்டிய விஷயங்கள் நிறைய. மடிநோய்க்கு ஆன்டிபயாடிக் போடும்போது பாதியிலேயே ஏன் நிறுத்துகிறார்கள், ஊசி போட்ட நாள்களில் கறந்த பால் எங்கே போகிறது, கன்று வீசிய மாட்டின் நஞ்சுக்கொடியை யார் எப்படி அப்புறப்படுத்துகிறார்கள், வயல்களில் மந்தையை அடைத்துக் கிடை போட்டு இடம் மாறும் புலிக்குளம் மாடுகளுக்கு மருத்துவம் எங்கே கிடைக்கிறது, வீட்டுக் கோழிகளுக்கு வெள்ளைக்கழிச்சல் வந்ததும் முதலில் விற்கிறார்களா, வைத்தியம் பார்க்கிறார்களா. ஒவ்வொன்றும் ஒரு முதுநிலை ஆய்வுக்குத் தாங்கும்.

கேள்வியைக் கூர்மையாக்குதல்

"ஆடு வளர்ப்போரின் தடுப்பூசி குறித்த அறிவும் மனப்பான்மையும்" என்ற தலைப்பு வேண்டாம். அறிவு குறைவு என்பதுதான் பிரச்சினை என்று அந்தத் தலைப்பே முடிவு செய்துவிட்டது. "மானாவாரி ஊர்களில் ஆடு வளர்க்கும் குடும்பங்கள் ஊசி போடுவது பற்றி எப்படி முடிவெடுக்கின்றன? அந்த முடிவை எவை மாற்றுகின்றன?" என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊசி போடாததற்கு நியாயமான காரணம் இருக்கலாம் என்ற இடத்தை உங்கள் கேள்வி விட்டுவைக்க வேண்டும்.

பிறகு ஒரு தாளில் உங்கள் சொந்த ஊகங்களை எழுதுங்கள். ஏன் போடுவதில்லை என்று நீங்கள் நினைக்கிறீர்கள்? எழுதித் தேதி போட்டு எடுத்து வையுங்கள். பகுப்பாய்வு முடிந்ததும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஊகமும் முடிவும் அப்படியே ஒத்துப்போனால், கேட்டதைவிட நினைத்ததைத்தான் எழுதியிருக்கிறோமோ என்று ஒரு முறை சோதித்துக்கொள்ள வேண்டும்.

அனுமதியும் அறமும்

கால்நடை ஆராய்ச்சியாளர்கள் பலர் வழுக்கும் இடம் இது. விலங்குகள் மீதான சோதனைகளுக்கு விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி வாங்கிப் பழகியவர்கள், நேர்காணலுக்கும் அதே குழு போதும் என்று நினைத்துவிடுகிறார்கள். உங்கள் ஆய்வில் பங்கேற்பவர் மனிதர். அதனால் மனிதப் பங்கேற்பாளர்களுக்கான நிறுவன நெறிமுறைக் குழுவிடம் போக வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் இதற்கு அடிப்படை. உங்கள் கல்லூரியில் அப்படி ஒரு குழு இல்லையென்றால், குழு உள்ள இன்னொரு நிறுவனத்தை அணுகுங்கள். களத்துக்குப் போய் வந்த பிறகு வாங்கும் அனுமதி செல்லாது.

அடுத்தது, கால்நடைத் துறைக்கே உரிய ஒரு சிக்கல். "நீங்கள் சொல்வதை யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்கிறோம். ஆனால் விலங்குகளில் தொற்றுநோய்த் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம் 2009-இன்படி, அட்டவணையில் உள்ள நோய் இருப்பதாகத் தெரிந்தால் தெரிவிக்க வேண்டும். கோமாரியும் ஆட்டுக்கொல்லியும் அடைப்பானும் (ஆந்த்ராக்ஸ்) அந்த அட்டவணையில் உள்ளவை. நீங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே தொழுவத்தில் ஓர் ஆடு மூக்கில் சளி ஒழுக, வாய்ப்புண்ணோடு, கழிந்துகொண்டு நிற்கிறது என்றால் என்ன செய்வது? இதை முன்கூட்டியே யோசித்து ஒப்புதல் படிவத்தில் எழுதிவிடுங்கள்: பெயரும் சொன்னதும் ரகசியம், பரவும் நோய் இப்போது மந்தையில் இருப்பதைக் கண்டால் மட்டும் மருத்துவரிடம் தெரிவிப்போம், உங்களிடம் சொல்லிவிட்டுத்தான் தெரிவிப்போம். தமிழ்நாட்டில் 1962 என்ற எண்ணை அழைத்தால் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தி வரும் என்பதையும் அவருக்குச் சொல்லுங்கள். ஆய்வை நிறுத்திவிட்டு உதவ வேண்டிய நேரம் அது.

கையெழுத்தும் ஒரு தடைதான். கடன் பத்திரத்திலும் நிலப் பத்திரத்திலும் பட்ட அனுபவம் பலரைக் காகிதத்துக்குப் பயப்பட வைத்திருக்கிறது. படிவத்தைப் பேச்சுத் தமிழில் வாசித்துக் காட்டி, வாய்மொழிச் சம்மதத்தை ஒலிப்பதிவிலேயே வாங்கிக்கொள்ளக் குழுவிடம் முன்பே அனுமதி கேட்டுவிடுங்கள்.

யாரிடம் பேசுவது?

இங்கேதான் நிறைய நேரம் செலவழிக்கச் சொல்வேன். பெரும்பாலான ஆய்வுகள் பால் சங்கப் பட்டியலையோ மருந்தகத்துக்கு வருபவர்களையோ எடுத்துக்கொண்டு அதோடு நின்றுவிடுகின்றன. மருந்தகத்துக்கு வருபவர் ஏற்கெனவே சேவையைப் பயன்படுத்துகிறவர். வராதவரைப் பற்றித்தான் நம் கேள்வி.

ஓர் ஆட்டைச் சுற்றி எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். உரிமையாளர் ஒருவர். வாரத்துக்கு, அதாவது பங்குப் பேச்சில், அந்த ஆட்டை வாங்கி வளர்ப்பவர் இன்னொருவர். குட்டிகளில் பங்கு அவருக்கு, ஊசிச் செலவு யாருடையது என்பது பேசித் தீராத விஷயம். மேய்க்கப் போவது வீட்டுப் பெரியவராகவோ கூலி ஆளாகவோ இருக்கும். சோர்ந்து நிற்கும் குட்டியை முதலில் கவனிப்பது பெரும்பாலும் வீட்டுப் பெண்கள். விலை பேசி விற்பது ஆண்கள். முகாமுக்கு ஓட்டிப்போக வேண்டியவர் ஒருவர், ஓட்டிப்போகலாமா என்று தீர்மானிப்பவர் வேறொருவர். குடும்பத் தலைவரிடம் மட்டும் பேசினால் பாதிக் கதைதான் கிடைக்கும்.

அப்புறம் கிடைக்காரர்கள். ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்திலிருந்து கீதாரியின் தலைமையில் செம்மறி மந்தைகள் கிளம்பி, அறுவடை முடிந்த வயல்களில் கிடை போட்டுக்கொண்டே நகரும். மேலூர், வாடிப்பட்டிப் பக்கத்துப் பெரியாறு–வைகைப் பாசன வயல்களில் இவர்களைப் பார்க்கலாம். முகாம் ஊர்வாரியாக நடக்கிறது. இன்று ஓர் ஊரிலும் அடுத்த வாரம் வேறோர் ஊரிலும் இருக்கும் மந்தை எந்த ஊரின் கணக்கில் வரும்? இந்தக் கேள்வியை ஒரு கீதாரியிடமும், கால்நடைத் துறையின் கள ஊழியரான கால்நடை ஆய்வாளர் ஒருவரிடமும் தனித்தனியாகக் கேட்டுப் பாருங்கள். அந்த இரண்டு பதில்களுக்கு நடுவிலிருக்கும் இடைவெளியே ஆய்வின் ஒரு கண்டுபிடிப்பாகிவிடும்.

வளர்ப்பவரைத் தாண்டியும் போக வேண்டும். திருமங்கலத்தில் வெள்ளிக்கிழமை கூடும் ஆட்டுச்சந்தைக்கு வரும் வியாபாரி, எந்த ஊரில் ஆடு விழுகிறது என்பதை மருந்தகத்துக்கு முன்பே அறிந்தவர். கறிக்கடைக்காரர், மருந்துக்கடைக்காரர், நாட்டு வைத்தியர், கால்நடை உதவி மருத்துவர், கால்நடை ஆய்வாளர், பராமரிப்பு உதவியாளர் எல்லோரையும் பட்டியலில் சேருங்கள்.

இவர்களை நோக்கத்தோடு தேர்ந்தெடுங்கள், குலுக்கல் தேவையில்லை. ஊசி போட்டவர், போடாதவர், ஒரு முறை போட்டு நிறுத்தியவர். நான்கு ஆடு வைத்திருப்பவர், நாற்பது வைத்திருப்பவர். சாலையோர ஊர், பஸ் போகாத ஊர். வேறுபாடு விரிந்து இருக்க வேண்டும். போட்டு நிறுத்தியவரை விட்டுவிடாதீர்கள். இரண்டு பக்கமும் பார்த்தவர் அவர்.

எத்தனை பேர் போதும்? மேற்கு ஆப்பிரிக்காவில் 60 பெண்களிடம் எடுத்த நேர்காணல்களை வைத்து 2006-இல் வெளியான ஓர் ஆய்வு, முதல் 12 நேர்காணல்களுக்குள் பெரும்பாலான கருத்துகள் வந்துவிட்டதாகக் காட்டியது. 2017-இல் வந்த இன்னோர் ஆய்வு, புதிய கருத்துகள் 9 நேர்காணல்களில் தீர்ந்தாலும் அவற்றை ஆழமாகப் புரிந்துகொள்ள 16 முதல் 24 வரை தேவைப்பட்டதாகச் சொன்னது. இவை ஒரே மாதிரியான மக்களிடம் எடுத்த கணக்கு. நம் பட்டியலில் பல தரப்பினர் இருப்பதால், தரப்புக்குச் சில பேர் என்று தொடங்கி, புதிதாக எதுவும் வராத இடத்தில் நிறுத்துங்கள். எந்த அடிப்படையில் நிறுத்தினீர்கள் என்பதை மறக்காமல் எழுதி வையுங்கள்.

என்ன கேட்பது?

"தடுப்பூசி முக்கியம் என்று நினைக்கிறீர்களா?" என்று கேட்டால் எல்லோரும் ஆமாம் என்பார்கள், குறிப்பாகக் கேட்பவர் டாக்டர் என்று தெரிந்தால். அந்த ஆமாமில் ஒன்றும் இல்லை. கருத்தைக் கேட்காமல் நடந்ததைக் கேளுங்கள். வழிகாட்டிக் கேள்விகள் ஏழெட்டு போதும். நம் எடுத்துக்காட்டுக்கு இப்படி அமைக்கலாம்:

- ஒங்க வீட்ல ஆடு வளர்க்க ஆரம்பிச்ச கதையச் சொல்லுங்க.
- நேத்து காலைல இருந்து ராத்திரி வரைக்கும் ஆட்டுக்கு என்னென்ன வேலை, யாரு யாரு பாத்தீங்க?
- கடைசியா ஒரு ஆட்டுக்கு ஒடம்பு சரியில்லாமப் போனது எப்ப? மொதல்ல யாரு கவனிச்சா? என்ன பண்ணீங்க? அப்புறம்?
- அப்ப யாருகிட்டக் கேட்டீங்க? செலவுக்குப் பணம்?
- ஊர்ல ஊசி போட வந்தது ஞாபகம் இருக்கா? அன்னைக்கு என்ன நடந்துச்சு?
- ஊசி போட்ட பெறகு ஆடு எப்படி இருந்துச்சு?
- எந்த ஆட்டுக்குப் போடுவீங்க, எதுக்குப் போடமாட்டீங்க?
- நான் கேக்காம விட்டது ஏதாச்சும் இருக்கா?

"அப்புறம்?" என்ற ஒற்றைச் சொல் நீளமான துணைக்கேள்விகளைவிட அதிகம் வாங்கித் தரும். பதில் நின்றதும் அடுத்த கேள்விக்குத் தாவாமல் கொஞ்சம் பொறுங்கள். "ஏன் போடல?" என்று நேராகக் கேட்டால் குற்றம் சாட்டுவதுபோல் ஆகிவிடும். "அன்னைக்கு என்ன நடந்துச்சு?" என்றால் காரணம் தானாக வரும்.

இரண்டு பேரிடம் ஒத்திகை பார்த்துவிட்டுக் கேள்விகளைத் திருத்துங்கள். ஆட்டுக்கொல்லி என்பது துறையின் சொல். உங்கள் ஊரில் அதே நோயைக் கழிச்சல் என்றோ சளி என்றோ சொல்லக்கூடும். அதே கழிச்சல் குடற்புழுவாலும் வரும். அதனால் நோயின் பெயரை நீங்கள் எடுத்துக்கொடுக்காமல், அறிகுறியைச் சொல்லச் சொல்லி, அவர் வைத்த பெயரோடு குறித்துக்கொள்ளுங்கள்.

களத்துக்குப் போகும் நாள்

காலைப் பால் ஊற்றிவிட்டு வரும் நேரம் வேலை நெருக்கடி. மேய்ச்சலுக்குக் கிளம்பும் நேரத்தில் யாரையும் நிறுத்தக்கூடாது. மேய்ப்பவரோடு கூடவே நடந்து பேசுவது நல்ல வழி. வெயில் ஏறியதும் ஆடுகள் மர நிழலில் படுக்கும். மேய்ப்பவருக்கும் அது ஓய்வு நேரம். கிடைக்காரர்களிடம் பேச, பட்டி அடைத்த பிறகான முன்னிரவு தோதானது. நடந்துகொண்டே பேசினால் எந்தக் கண்மாயில் தண்ணீர் குடிக்க எத்தனை மந்தைகள் சேர்கின்றன, எந்த இடத்தில் அடுத்த ஊர் ஆடுகளோடு கலக்கின்றன என்பதையும் கண்ணால் பார்த்துவிடலாம். நோய் பரவும் வழி அதுதானே.

கால்நடை ஆய்வுக்கே உரிய ஒரு விதி இருக்கிறது, அதை யாரும் மீறக்கூடாது. ஒரு மந்தையிலிருந்து அடுத்த மந்தைக்கு நோயைச் சுமந்து போகிறவர் ஆய்வு செய்பவராக இருக்கக்கூடாது. கோமாரிக் காலம் என்றால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். மற்ற நாள்களிலும் கழுவக்கூடிய ரப்பர் காலணி போட்டு, ஒவ்வோர் இடத்திலிருந்து கிளம்பும்போதும் சேறும் சாணமும் போகத் தேய்த்துக் கழுவி, கிருமிநாசினியில் முக்கி எடுங்கள். கோமாரிக் கிருமிக்கு 4 சதவீதச் சலவைச் சோடாக் கரைசல் நன்றாக வேலை செய்யும். நோயுள்ள பட்டியைக் கடைசியாக வையுங்கள். ஆட்டைத் தொட வேண்டாம். நீங்கள் இப்படிச் செய்வதைப் பார்த்து வளர்ப்பவர் காரணம் கேட்பார். நோய் பரவல் பற்றிய அவருடைய எண்ணம் அந்தப் பேச்சில் இயல்பாக வெளிவரும்.

பெரியவரை ஐயா என்றும் பெண்களை அக்கா, அம்மா என்றும் வயதுக்கேற்ப அழையுங்கள். சின்னப் பிள்ளை மேய்த்தாலும் வீட்டுப் பெரியவரின் அனுமதி இல்லாமல் பேசக்கூடாது. நீங்களே அந்த ஊர் மருந்தகத்தின் மருத்துவர் என்றால் உங்களிடம் சிகிச்சைக்கு வருபவர்களை நீங்கள் நேர்காணல் செய்ய வேண்டாம். நாளைக்கு ஊசி போட உங்களிடம்தான் வர வேண்டும் என்று நினைப்பவர் உங்கள் குறையை உங்களிடம் எப்படிச் சொல்வார்?

*குழுக் கலந்துரையாடல்.* ஆறு முதல் எட்டுப் பேர், ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். ஊர்ப் பொதுவான பழக்கங்களை அறிய நல்லது. சொந்தக் கடன், சொந்த இழப்பு போன்றவற்றுக்குத் தனி நேர்காணல்தான். எங்கே உட்கார வைக்கிறீர்கள் என்பது பெரிய விஷயம். ஊர்ச் சாவடியில் கூட்டினால் காலனியிலிருந்து வருபவர் ஓரமாக நிற்பார், பெண்கள் வரவே மாட்டார்கள். வந்தாலும் பேச்சு இரண்டு மூன்று பேரிடமே சுற்றும். ஆகவே பெண்களுக்குத் தனியாக, ஒவ்வொரு குடியிருப்பிலும் தனியாக நடத்துங்கள். சாதி இந்த வட்டாரத்தில் மேய்ச்சல் நிலத்தையும் தண்ணீர்த் துறையையும் பிரிக்கும் ஒன்று. அதைக் காணாததுபோல் நடத்திய கலந்துரையாடலின் முடிவுகளை நம்பவும் முடியாது. நூறு நாள் வேலையின் ஓய்வு நேரத்தில் பெண்களைச் சந்திக்கலாம், மேற்பார்வையாளர் பக்கத்தில் இல்லாதபோது.

*புளியங்கொட்டைக் கணக்கு.* நூறு புளியங்கொட்டைகளை எடுத்துக்கொள்ளுங்கள். போன சித்திரை முதல் இந்தச் சித்திரை வரை உங்கள் ஊர் ஆடுகள் மொத்தமும் இந்த நூறு என்று சொல்லுங்கள். நோய்ப்பட்டவை எவ்வளவு, நன்றாக இருந்தவை எவ்வளவு என்று பிரிக்கச் சொல்லுங்கள். நோய்ப்பட்ட குவியலை நோய்வாரியாகவும், ஒவ்வொரு நோயையும் செத்தது, பிழைத்தது, வியாபாரிக்குக் கொடுத்தது என்றும் பிரிக்கச் சொல்லுங்கள். குவியல்களை எண்ணிக் குறித்துக்கொள்ளலாம்தான். ஆனால் உண்மையான சரக்கு, கொட்டைகளை நகர்த்தும்போது அவர்களுக்குள் நடக்கும் வாக்குவாதம். "இல்லக்கா, அது கழிச்சல்ல செத்தது இல்ல" என்று ஒருவர் இரண்டு கொட்டைகளை இடம் மாற்றினால், ஏன் என்று கேளுங்கள். ஒலிப்பதிவு ஓடிக்கொண்டிருக்கட்டும்.

*மாத அட்டவணை.* தரையில் சித்திரை முதல் பங்குனி வரை பன்னிரண்டு கட்டங்கள் வரையுங்கள். மழை, பசும்புல், குட்டி ஈனும் காலம், விற்கும் காலம், கையில் காசில்லாத காலம், ஒவ்வொரு நோய் என ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிசை. கற்களை வைத்துக் கூடுதல் குறைவைக் காட்டச் சொல்லுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையை ஒட்டிக் குலிகாய்டஸ் என்ற சிறு கடிப்பூச்சிகள் பெருகும்போது செம்மறிகளுக்கு நீலநாக்கு நோய் வரும். மழைக்குப் பிந்திய இளம்புல்லை அளவுக்கு மீறி மேயும்போது துள்ளுமாரி என்ற குடல் நச்சு நோய் வரும். மேய்ப்பவர்கள் வைக்கும் கற்கள் இவற்றோடு ஒத்துப்போகின்றனவா என்று பார்த்தால் அவர்கள் தரும் தகவலின் நம்பகம் தெரியும். கடைசியாக, முகாம் நடந்த மாதங்களை ஒரு வரிசையாக வையுங்கள். குட்டிகளுக்கு ஊசி போடும் வயது வரும் முன்பே தீபாவளிக்கோ பக்ரீத்துக்கோ சந்தைக்குப் போய்விடுகின்றனவா, முகாம் நாள் கதிர் அறுப்போடு மோதுகிறதா என்பது அந்த ஒரு வரிசையில் பளிச்சென்று தெரிந்துவிடும்.

கிடைக்காரர்களிடம் இதோடு பாதை வரைபடமும் வாங்குங்கள். எந்த மாதம் எந்த ஊர், எங்கே தண்ணீர், எங்கே நோய் பிடித்தது, எங்கே மருந்து வாங்கினார்கள் என்று.

அன்றைய இரவே களக்குறிப்பை எழுதிவிடுங்கள். யார் குறுக்கே பேசினார், எந்தக் கேள்விக்குச் சிரித்தார்கள், யார் வந்ததும் பேச்சு மாறியது போன்றவை ஒலிப்பதிவில் இருக்காது.

பேச்சை எழுத்தாக்குதல்

ஒரு மணி நேரப் பதிவை எழுத ஐந்தாறு மணி நேரம் ஆகும் என்று வைத்துக்கொண்டு திட்டமிடுங்கள். பேச்சைக் கேட்டுத் தானாக எழுதும் செயலிகள் மதுரைப் பேச்சிலும் ஆட்டுச் சத்தத்திலும் தடுமாறும். முதல் வரைவுக்குப் பயன்படுத்தினாலும் வரிக்கு வரி கேட்டுத் திருத்த வேண்டும். பேசியபடியே எழுதுங்கள். "ஆடு மரணமடைந்தது" என்று மாற்றினால், அவர் "ஆடு கெடந்து போச்சு" என்றபோது குரலில் இருந்தது போய்விடும். பெயர், ஊர், தெரு எல்லாவற்றையும் இந்தக் கட்டத்திலேயே குறியீடாக மாற்றி, குறியீட்டுப் பட்டியலைப் பூட்டுப்போட்ட தனிக் கோப்பில் வையுங்கள்.

பகுப்பாய்வு

விர்ஜீனியா பிரவுன், விக்டோரியா கிளார்க் இருவரும் 2006-இல் முன்வைத்த கருப்பொருள் பகுப்பாய்வு முறை, தொடங்குபவர்களுக்கு ஏற்றது. ஆறு கட்டங்கள்: திரும்பத் திரும்ப வாசித்தல், குறியிடுதல், குறிகளைச் சேர்த்துக் கருப்பொருள் தேடுதல், சரிபார்த்தல், பெயரிடுதல், எழுதுதல். காகிதமும் வண்ணப் பேனாக்களும் போதும். கணினி வேண்டுமென்றால் டாகெட், குவால்கோடர் என்ற இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. எந்த மென்பொருளும் உங்களுக்காக யோசிக்காது.

குறியிடுவது எப்படி என்று பார்க்க, மூன்று பதில்களைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம். முதலாமவர்: "பத்து ஆடுதான இருக்கு, இன்னும் ஆடு சேரட்டும், பெறகு பாட்டில ஒடைக்கிறேன்னாரு. பெறகு வரவே இல்ல." இரண்டாமவர்: "சினை ஆட்டுக்குப் போட்டாக் குட்டி போயிரும். அதான் ஒளிச்சு வச்சுட்டேன்." மூன்றாமவர்: "இது வாரத்து ஆடு. அவுகளக் கேக்காம ஊசி போட்டு ஏதாச்சும் ஆனா யாரு பதில் சொல்றது?"

முதல் பதிலுக்கு "விழிப்புணர்வு இல்லை" என்று குறியிட முடியுமா? அவர் ஊசி கேட்டிருக்கிறார். ஆட்டுக்கொல்லி ஊசி உறைநிலையில் உலர்த்திய உயிர்மருந்து. கரைத்துவிட்டால் சில மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும், மிச்சம் வீண். ஊழியர் நிறைய ஆடுகள் சேரக் காத்திருப்பதற்கும் காரணம் இருக்கிறது. எனவே குறி: "பாட்டில் அளவும் மந்தை அளவும் பொருந்தாமை." இரண்டாவது பதிலுக்கு "சினை இழப்பு பயம்". அதோடு, அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று பதிவில் தேட வேண்டும். ஆட்டைத் துரத்திப் பிடித்து அழுத்தும்போது ஏற்பட்ட அதிர்ச்சியில் சினை கலைந்திருந்தால், அவர் கண்டது உண்மை. காரணம் ஊசி மருந்தா, பிடித்த விதமா என்பது வேறு கேள்வி. மூன்றாவதற்கு "உரிமை ஒருவர், பொறுப்பு ஒருவர்".

இப்படிக் குறிகள் சேரச் சேர, அவற்றைக் கொத்துகளாக்குங்கள். "தடைகள்" என்பது வெறும் தலைப்பு. அதைக் கருப்பொருளாகக் கொள்ளாதீர்கள். "ஊசியால் வரும் இழப்பு வளர்ப்பவருக்கு, ஊசியால் வரும் நன்மை உரிமையாளருக்கு என்று இருக்கும்போது வாரத்து ஆடுகள் விடுபடுகின்றன" என்பது கருப்பொருள். அது ஒரு கருத்தைச் சொல்கிறது, தவறென்று காட்டவும் இடம் கொடுக்கிறது. உடனே எதிர்ச் சான்றைத் தேடுங்கள். வாரத்து ஆடாக இருந்தும் ஊசி போட்டவர் இருக்கிறாரா? அவருக்கும் உரிமையாளருக்கும் என்ன பேச்சு இருந்தது? அந்த ஒருவரின் கதை மொத்தக் கருப்பொருளையும் திருத்தி எழுத வைக்கலாம்.

எப்படி நம்புவது?

"நாலு பேரிடம் பேசிவிட்டு வந்தால் ஆய்வா?" என்று புள்ளியியல் பக்கமிருந்து கேட்பார்கள். நியாயமான கேள்விதான், பதில் சொல்லத் தயாராக இருங்கள். ஒரே விஷயத்தை வளர்ப்பவர், ஊழியர், வியாபாரி மூவரிடமிருந்தும், பேச்சு, மாத அட்டவணை, பதிவேடு ஆகிய மூன்று வழிகளிலும் பாருங்கள். சில நேர்காணல்களை இருவர் தனித்தனியாகக் குறியிட்டு, வேறுபட்ட இடங்களைப் பேசித் தீருங்கள். எந்த முடிவை எப்போது எதனால் மாற்றினீர்கள் என்று குறிப்பேடு வைத்திருங்கள். முடிந்தால் நோய் அறிகுறி அட்டவணை ஒன்றையும் செய்யுங்கள்: மேலே ஐந்து நோய்கள், பக்கத்தில் அறிகுறிகள், ஒவ்வொரு அறிகுறிக்கும் 25 கொட்டைகளைப் பிரித்து வைக்கச் சொல்வது. பல குழுக்களில் ஒரே நோய்க்கு ஒரே அறிகுறிகளில் கொட்டைகள் குவிந்தால், அவர்கள் சொல்லும் நோயை மருத்துவரின் கணிப்போடு ஒப்பிட்டுப் பார்க்க அது உதவும்.

எழுதுவதும் திருப்பிக் கொடுப்பதும்

நேர்காணலும் குழுக் கலந்துரையாடலும் உள்ள ஆய்வுகளுக்கு 2007-இல் வந்த கோரெக் என்ற 32 அம்சச் சரிபார்ப்புப் பட்டியல் இருக்கிறது. நேர்காணல் செய்தவர் யார், அவருக்கும் பங்கேற்பாளருக்கும் முன்பழக்கம் உண்டா, எத்தனை பேர் மறுத்தார்கள் என்பவை அதில் வரும். பல ஆய்விதழ்கள் இதைக் கேட்கின்றன. எழுதி முடித்த பிறகு அதை நிரப்ப உட்காராமல், களத்துக்குப் போகும் முன்பே வாசித்துவிடுங்கள்.

மேற்கோள்களைப் பேச்சுத் தமிழிலேயே கொடுங்கள். ஆங்கிலக் கட்டுரை என்றால் மூலத்தைத் தமிழிலும் இணைப்பில் சேருங்கள். அடையாளம் மறைப்பதில் சிறிய ஊரின் இயல்பை மறக்காதீர்கள். "ஜல்லிக்கட்டுக் காளை வைத்திருக்கும் கணவனை இழந்த பெண்" என்று எழுதினால், அலங்காநல்லூர்ப் பக்கம் பெயர் சொல்லாமலே கண்டுபிடித்துவிடுவார்கள். கதைக்குத் தேவையில்லாத விவரங்களை மாற்றுங்கள் அல்லது விடுங்கள்.

அறிக்கை பல்கலைக்கழகத்துக்குப் போகும் முன் ஊருக்குப் போகட்டும். அதே குடியிருப்புகளில், அதே நேரங்களில் கூட்டி, கண்டதை வாய்மொழியாகச் சொல்லுங்கள். "அப்படி இல்ல, நீங்க தப்பாப் புரிஞ்சிருக்கீங்க" என்று யாராவது சொன்னால் அதையும் குறித்துக்கொண்டு திருத்துங்கள். ஒரு குடியிருப்பைப் பற்றி இன்னொரு குடியிருப்பில் பேசும்போது கவனமாக இருங்கள்.

அடுத்து மருந்தகத்துக்குப் போங்கள். ஊழியர்களைக் குற்றம் சாட்டும் தொனி வேண்டாம். அவர்களும் உங்கள் பங்கேற்பாளர்கள்தான், ஒரே கால்நடை ஆய்வாளர் பல ஊர்களைப் பார்க்க வேண்டியிருப்பதையும் நீங்கள் பதிவு செய்திருப்பீர்கள். அவர்களால் உடனே செய்யக்கூடிய இரண்டு மூன்றை மட்டும் முதலில் வையுங்கள். இவற்றிலிருந்து தேர்ந்தெடுக்கலாம்: மூன்று சிற்றூர்களின் ஆடுகளைச் சேர்த்து ஒரே நாளில் பாட்டிலைத் திறப்பது, மேய்ச்சலுக்குக் கிளம்பும் முன் அதிகாலையில் முகாம் வைப்பது, வாரத்து ஆடுகளின் உரிமையாளருக்கு முந்தின நாளே போன் செய்யச் சொல்வது, நிறைசினை ஆடுகளைத் தனியே நிறுத்தி மருத்துவர் பார்த்துச் சொல்வது, கிடை எந்த ஊரில் நின்றாலும் அந்த ஊர் மருந்தகத்திலேயே போட்டுக்கொள்ள ஒரு சீட்டுக் கொடுப்பது. இவற்றில் எது முடியும், எது முடியாது என்று மருத்துவரும் கீதாரியும் ஆடு வளர்க்கும் பெண்களும் ஒரே இடத்தில் உட்கார்ந்து பேச ஒரு நாளை நீங்களே ஏற்பாடு செய்துகொடுங்கள். அந்தக் கூட்டத்தில் அடுத்த முகாமின் தேதியைக் குறித்துவிட்டு, தேதி வந்ததும் எத்தனை பேர் ஆட்டை ஓட்டிக்கொண்டு வருகிறார்கள் என்று போய்ப் பாருங்கள்.